கல்யாண வீட்டு விசிறியின் மூன்றாவது கம்பி

எப்போது வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே “மச்சான் இருக்காரா?” என்று குரல் கொடுத்துவிட்டு நுழையும், என் தங்கையைக் கட்டிய அருமை மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நீங்கள் இருந்தபோது ஒரு கார்டுகூட எழுதிப் போட்டவனில்லை நான். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத்தான் பஸ் போகிறதே, வாயால் சொல்லிக்கொண்டால் போயிற்று என்று இருந்துவிட்டேன். வாயாலும் சொல்லவில்லை. இப்போது விலாசம் எழுத முடியாத ஆளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதை வேறு சிலரும் கேட்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் கேட்கப் போகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. கமலம் வந்திருக்கிறாள், பத்து மாதப் பையனோடு. அவள் கல்யாணத்தைப் பார்த்த நீங்கள் அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் அவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பனையோலை விசிறியால் வீசி வீசி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. “அப்பா, அந்தக் கரண்டு விசிறியப் பரண்லேர்ந்து எறக்குங்களேன்” என்றாள்.

என் வீட்டுக்காரி, நீங்கள் அக்கா அக்கா என்று கூப்பிடுவீர்களே அவள்தான், அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “அது வேணாங்க. பச்சப் புள்ள இருக்குற வூடு. அது படுத்துன பாடு போதாதா?”

கல்யாணம் முடிந்த மறுநாள் அவள் அந்த விசிறியைக் கோணியில் சுற்றிப் பரணில் ஏற்றியது. யுத்தம் முடிந்த வருஷம் ஏறியது, சுதந்திரமும் வந்து ஒரு கோடையும் வந்துவிட்டது, இறங்கவேயில்லை. நான் இறக்கினேன். மேலே ஒரு தவலை உருண்டு விழுந்திருந்ததில் ப்ளக் உடைந்து விரிசல் விட்டிருந்தது. மற்றபடி விசிறிக்கு ஒன்றுமில்லை. ஒயரின் மேல் நீங்கள் சுற்றிய மஞ்சள் துணி மட்டும் தூசியில் பழுப்பாகியிருந்தது.

இந்தத் துணியைப் பார்த்து நான் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

கடைத்தெருவில் ப்ளக் கேட்டேன். கடைக்காரர் இரண்டு காலுள்ளதை எடுத்து வைத்தார். “மூணு காலு இல்லீங்க. ரெண்டுலயும் ஓடும், போட்டுக்குங்க.” ஓடும்தான். ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்துத்தானே நான் ஒரு முறை கெட்டது? “ரெண்டு காலு வேணாம்” என்று சொல்லிவிட்டு மறுநாள் ரயிலேறித் திருச்சிக்குப் போய் மூன்று கால் ப்ளக் வாங்கி வந்தேன். நீங்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். இதே மனிதன்தான், “பூமிக்கு எதுக்கு ஒரு கம்பி, மாப்ள? அதுக்கும் படையல் போடணுமா?” என்று உங்களிடம் கேட்டவன்.

நீங்கள் திருச்சியில் ஒரு ஒயரிங் கான்ட்ராக்டரிடம் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். என் தங்கை செல்லத்தைக் கட்டிக்கொண்டு அரியலூரிலேயே தொழிலை ஆரம்பித்தீர்கள். எங்கள் தெருவில் கரண்டு இழுத்த வீடு நாலோ ஐந்தோதான். அத்தனைக்கும் நீங்கள்தான் ஒயர்மேன். என் வீட்டுக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கிணற்றடியில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்புமாகக் கொட்டி மூடினீர்கள். அந்தக் குழாயிலிருந்து ஒரு மொட்டைச் செம்புக் கம்பி சுவரோரமாகக் கூடத்துப் ப்ளக் பாயிண்டுக்கு வந்தது. “கோடையில இந்தக் குழியில தண்ணி ஊத்தணும் மச்சான். ஈரம் இருந்தாத்தான் இது வேல செய்யும்.” சரி சரி என்றேன். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை.

கமலத்தின் கல்யாணத்துக்காக வாங்கிய விசிறி அது. யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது, இரும்பு உடம்பு. பழைய ஒயர் நைந்திருந்தது. ஒயர் கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கெங்கோ அலைந்து, சிவப்பும் கறுப்பும் பச்சையுமாக முறுக்கிய மூன்று புரி ஒயரை வாங்கி வந்து போட்டீர்கள். சிவப்பில் கரண்டு வரும், கறுப்பில் திரும்பும், பச்சை விசிறியின் உடம்பிலிருந்து பூமிக்குப் போகும் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். நீங்கள் பந்தலுக்கு விளக்குப் போட வெளியே போனீர்கள்.

அப்போதுதான் உங்கள் அக்கா அதைப் பார்த்தாள். “கல்யாண வூட்டுக் கூடத்துல கறுப்புக் கயிறா? பொண்ணும் மாப்பிள்ளையும் உக்கார்ற எடத்துக்குப் பக்கத்துலயா? சம்பந்தி வூட்டுக்காரங்க கண்ணுல பட்டா என்ன சொல்லுவாங்க?”

அவளை மட்டும் சொல்லக் கூடாது. அவள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை. சொன்ன பிறகு எனக்கும் அது கூடத்தில் நெளிகிற பாம்பாகத் தெரிந்தது. சிவப்பு மங்கலம், பச்சை மங்கலம், நடுவில் இது எதற்கு? உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பந்தலில்தான் நின்றீர்கள், கூப்பிடு தூரம். உங்களிடம் வந்து இதைக் கேட்டால் சிரிப்பீர்கள் என்று கூச்சம். பத்து வேலி நிலத்தைக் கட்டி ஆள்கிறவனுக்கு இரண்டு கம்பியை மாற்றத் தெரியாதா என்ற மண்டைக்கனமும் உண்டு. உங்கள் திருப்புளியையே எடுத்தேன். கறுப்புப் புரியைப் பிரித்து உருவிக் கிணற்றடியில் எறிந்தேன். விசிறியின் அடியிலும் ப்ளக்கின் உள்ளேயும், கறுப்பு இருந்த இடத்தில் பச்சையைப் பிடுங்கி மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் விசிறி ஜம்மென்று ஓடியது.

வெளியிலிருந்து பார்த்தால் ப்ளக்குக்கு மூன்று கால். உள்ளே, பூமிக் கம்பி மாட்ட வேண்டிய பெரிய காலுக்கு ஒரு கம்பியும் இல்லை.

அன்று சாயங்காலம் உடையார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டு ஈரக் காலோடு கூடத்துக்கு வந்தார்கள். காற்று தன் பக்கம் வரட்டும் என்று விசிறியின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினார்கள். அவ்வளவுதான். ஓர் அலறல். தூக்கி எறிந்த மாதிரி தூண் ஓரத்தில் போய் விழுந்தார்கள். நீங்கள் பந்தலிலிருந்து ஓடி வந்து, வேறு யாரும் தொடுவதற்குள் மெயின் ஸ்விட்சை இறக்கினீர்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்கை பிசகியிருந்தது. கை நிறையப் போட்டிருந்த கண்ணாடி வளையல் அத்தனையும் உடைந்து தரையில் கிடந்தது.

கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாவின் வளையல் உடைந்தால் அது என்ன சகுனம் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். “வண்டியப் பூட்டச் சொல்லுங்க. காலெடுத்து வச்ச ஒடனே இப்புடின்னா, இந்தச் சம்பந்தமே வேணாம்.” உள்ளே கமலம் அழும் சத்தம் கேட்டது.

அப்போது எனக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்வியை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் கம்பியில் கை வைத்தது நான் ஒருவன்தான் என்பது தெரியுமே! பெண்ணின் வாழ்க்கை வாசல் வரை போய்விட்டது, வீட்டுக்காரனே செய்த தப்பு என்றால் அது திரும்பாது என்று தோன்றியது. உங்கள் பக்கம் திரும்பினேன்.

“திருச்சியில கத்துக்கிட்ட லட்சணம் இதுதானா? வந்தவங்கள சாகடிக்கப் பாத்தீங்களே! உங்கள நம்பிப் பொறுப்ப விட்டேன் பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!”

வீட்டு மாப்பிள்ளையை, நூறு பேர் நடுவில், அவருடைய பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நிற்க, இப்படிப் பேசினேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு விசிறியைப் பார்த்தீர்கள். அதன் ஒயரைப் பார்த்தீர்கள். சம்பந்தியின் முன்னால் போய்க் கை கூப்பினீர்கள். “தப்பு எம்மேலதாங்க. நாந்தான் சரியாப் பாக்கல. மச்சான் மேல ஒரு குத்தமும் இல்ல. பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்.” தப்பு செய்த ஆள் வேறு என்றதும் அவருக்குக் கோபம் இறங்கியது. பெரியவர்கள் பேசினார்கள். புது வளையல் வந்தது. கல்யாணம் நடந்தது.

நீங்கள் அந்த விசிறியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பி வந்தபோது ஒயர் முழுக்க மஞ்சள் துணி சுற்றியிருந்தது. எதற்கு என்று கேட்கவில்லை நான். “கட்டுப் போட்டுட்டா சரியாப் போச்சா?” என்று மட்டும் கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆளைத் தூக்கி எறிந்த ஒயர்மேனை யார் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள்? பியூஸ் போனால்கூடத் திருச்சியிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். நீங்கள் பெரம்பலூருக்குக் குடிபோய் அரிசி மில்லில் மோட்டார் பார்க்கிற வேலையில் சேர்ந்தீர்கள். செல்லம் அன்று என் வீட்டுப் படி இறங்கியவள்தான். நீங்கள் காய்ச்சலில் படுத்துப் பத்தே நாளில் போனபோது நான் வந்தேன். என் தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதில் கோபம்கூட வந்தது, பாருங்கள். என்னதான் இருந்தாலும் அண்ணன் இல்லையா என்று! வெட்கமாக இருக்கிறது.

சரி, ப்ளக்குக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். பாயிண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்ததால் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டேன். “அது உங்க மடியிலயே இருக்கணும் மச்சான், இல்லாட்டி யாராச்சும் தெரியாமப் போட்டுடுவாங்க” என்பீர்களே. பல்பில் இரண்டு ஒயர் கட்டி நீங்கள் விட்டுப்போயிருந்த சோதனை விளக்கைப் பாயிண்டில் வைத்துப் பார்த்துக் கரண்டு செத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் விரலை வைத்தேன். காய்ந்த பலகை மேல் உட்கார்ந்திருந்தேன். கமலம் கதவோரம் நின்று, “அப்பா சாமி கும்புடுற மாதிரி பயந்து பயந்து செய்யுறாரு” என்று அவள் அம்மாவிடம் சொன்னாள்.

பாயிண்டில் திருகாணிகள் இளகியிருந்தன, இறுக்கினேன். பிறகு உடைந்த ப்ளக்கைத் திறந்தேன். இரண்டு கம்பி இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். நான் போட்டது இரண்டுதானே.

மூன்று இருந்தது.

சிவப்பு அதன் இடத்தில். பச்சை பெரிய காலில். மூன்றாவது கறுப்பு. ஒயரை இழுத்தாலும் திருகாணியில் பாரம் விழாதபடி உள்ளே நீங்கள் வழக்கமாகப் போடுகிற முடிச்சு. பச்சையை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விட்டிருந்தீர்கள், எது அறுந்தாலும் பூமிக் கம்பி கடைசியில்தான் அறுந்துபோக வேண்டும் என்று. செம்பு இழை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

மஞ்சள் துணியை மெல்லப் பிரித்தேன். ஒயர் நெடுக கறுப்புப் புரி பழையபடி முறுக்கியிருந்தது. ஒரு முனையில் கிணற்றடிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் எறிந்த அதே கம்பி. விசிறியின் அடித்தட்டையும் கழற்றினேன். ஒயர் நுழைகிற ஓட்டையின் இரும்பு விளிம்பில் ரப்பர் உரசிச் சிவப்புக் கம்பி உடம்பில் பட்டிருக்கிறது. அந்த இடத்தில் புது ரப்பர் வைத்துக் கட்டியிருந்தீர்கள். பச்சை அதன் இடத்தில் இருந்திருந்தால் கசிந்த கரண்டு பூமிக்குப் போய், பியூஸ் எரிந்து, விசிறி தானாக நின்றிருக்கும். கல்யாண வீட்டில் காற்று இல்லாமல் போயிருக்கும். அதோடு முடிந்திருக்கும்.

துணியின் ஓரத்தில் அரக்குக் கரை ஓடியது. கல்யாணத்துக்கென்று உங்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த வேட்டி அது. அதைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்துச் சுற்றியிருக்கிறீர்கள், கறுப்பு யார் கண்ணிலும் படக் கூடாது என்று. உங்கள் அக்காவின் மனமும் கோணக் கூடாது, விசிறியும் யாரையும் அடிக்கக் கூடாது. அப்படியானால் எதற்காக அந்தக் கம்பி உருவப்பட்டது என்பதுவரை உங்களுக்குப் புரிந்திருக்கிறது. யார் உருவியது என்பது புரியாமலா இருந்திருக்கும்?

ஏன் மாப்பிள்ளை சொல்லவில்லை? தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

பலகையிலேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் அக்கா வந்து கறுப்புக் கம்பியைப் பார்த்தாள், வேட்டிக் கரையைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “நாந்தானே சொன்னேன்” என்று தரையில் உட்கார்ந்தாள். “நீ சொன்ன, நான் செஞ்சேன்” என்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் பெரம்பலூருக்குப் போனேன். துணியை மடித்துப் பையில் வைத்திருந்தேன். செல்லம் வாசலில் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முறம் நிற்கவில்லை. துணியை எடுத்துக் காட்டியதும் நின்றது.

“எனக்குத் தெரியும்ணே” என்றாள். “அன்னிக்கே சொல்லிட்டாரு. ‘பொண்ணு கல்யாணம், மச்சான் என்ன செய்வாரு பாவம், பயந்துட்டாரு’ன்னாரு. ஊருல போயி நான் சொல்றேன்னு குதிச்சேன். ‘வேணாம், ஒரு நாள் தானா வந்து சொல்லுவாரு பாரு’ன்னாரு. காய்ச்சல்ல கெடந்தப்பகூட, பஸ்ஸு சத்தம் கேட்டா, ‘மச்சானா பாரு’ம்பாரு.”

மாப்பிள்ளை, அந்தப் பஸ் தினமும் எங்கள் ஊரிலிருந்துதான் புறப்படுகிறது.

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துவிடு என்றேன். அவள் அழவில்லை. “எனக்குத் தெரிஞ்சு என்னண்ணே ஆவப்போவுது? அவரு பேரு அந்தக் கூடத்துலல்ல போச்சு? இங்க என் வாசல்ல வந்து குடுத்தா ஆச்சா?” என்றாள். சரியான கேள்வி. அண்ணனுக்கு இல்லாத நேர்மை தங்கைக்கு இருக்கிறது.

திரும்பி வந்து வேலையை முடித்தேன். புது ப்ளக்கில் மூன்று கம்பியையும் உங்கள் முடிச்சோடு மாட்டினேன். மெயினைப் போட்டு, சோதனை விளக்கைச் சிவப்பு ஓட்டைக்கும் பூமி ஓட்டைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். சாகப் போகிற மாதிரி மங்கலாக எரிந்தது. கிணற்றடிக்குப் போய் மூன்று குடம் தண்ணீர் இறைத்துக் குழியில் ஊற்றினேன், மூன்று வருஷத்துப் பாக்கி. குழி குடித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுபடி வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. பையன் இப்போது காற்றில் தூங்குகிறான்.

வைகாசியில் அவனுக்குக் காதுகுத்து. உடையார்பாளையத்திலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வருவார்கள். அன்று கல்யாணத்தில் இருந்த அத்தனை பேரையும் அழைத்திருக்கிறேன். அதே கூடத்தில், அதே தூண் பக்கத்தில், அந்த விசிறியை ஓடவிட்டு, அதன் உடம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். இன்னொரு கையில் இந்தக் கடிதம் இருக்கும். முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கப் போகிறேன். சம்பந்தி துண்டை உதறினால் உதறட்டும். செல்லத்துக்கும் சொல்லி அனுப்பினேன். “படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லதான் நிப்பேன், அப்புறம் பாப்போம்” என்று பதில் வந்தது. நிற்கட்டும். நான் வாசலைப் பார்த்துத்தான் படிப்பேன்.

மஞ்சள் துணியைத் திரும்பச் சுற்றவில்லை. சுற்றட்டுமா என்று உங்கள் அக்காவைக் கேட்டேன். “வேணாங்க, தெரியட்டும்” என்றாள். காதுகுத்து வீட்டின் நடுக்கூடத்தில் கறுப்புக் கம்பி எல்லார் கண்ணிலும் படும். குழிக்கு நான் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

பஸ் ஏற மூன்று வருஷம் தாமதித்துவிட்ட,
உங்கள் செல்லத்தின் அண்ணன்,
உங்கள் மச்சான்.